புதுப்பிப்பு: நாவரசு வழக்கு பற்றி நீங்கள் கேட்டது

1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்டதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன் அல்லவா, அதற்கு மார்த்தாண்டம், தக்கலைப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இந்தப் பெயரையே கேட்டதில்லை என்றார்கள். பெரியவர்களோ "கொன்னவனைத்தான் விட்டுட்டாங்களே தம்பி" என்றார்கள்.

விட்டது உண்மை, ஆனால் வழக்கு அதோடு முடியவில்லை. 1998-ல் கடலூர் நீதிமன்றம் அவரைக் கொன்ற சீனியர் மாணவனுக்கு இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தது, 2001-ல் உயர் நீதிமன்றம் விடுவித்தது, 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது. கொலையை நேரில் பார்த்தவர் யாருமில்லை. தலை சிதம்பரத்தில், உடல் சென்னையில் ஒரு மாநகரப் பேருந்தில் என்று கிடைத்ததை டிஎன்ஏ சோதனையும் மண்டையோட்டைப் புகைப்படத்தோடு பொருத்திப் பார்க்கும் சோதனையும்தான் ஒரே பையனுடையது என்று நிறுவின. பதினைந்து வருஷம் அந்தப் பெற்றோர் எப்படிக் காத்திருந்தார்களோ!

அப்புறம் சட்டம். தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் 1997-ல் வந்ததே இந்தச் சாவால்தான். 2 வருஷம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், தண்டனை பெற்றவனுக்கு வேறு எந்தக் கல்லூரியிலும் இடமில்லை.

அக்கா மகளை நாகர்கோவிலில் காலேஜில் சேர்க்கப் போனபோது, ராகிங் செய்யமாட்டேன் என்ற உறுதிமொழித் தாளைப் படிக்காமலே, முன்னால் நின்றவரின் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தயவுசெய்து படியுங்கள். ஹாஸ்டலில் தங்கும் பிள்ளைகள் 1800-180-5522 என்ற ராகிங் உதவி எண்ணைப் போனில் போட்டு வையுங்கள், பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம்.