எப்ஸ்டைன் பார் காய்ச்சல் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

சீவாளி, திருவாரூர் பக்கம்

நான் நாகஸ்வரம் வாசிப்பவன். வயது 21. போன ஆவணியில் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் வேலை இருந்த நேரத்தில் படுத்தவன், தை பிறந்த பிறகுதான் மனுஷனாக எழுந்தேன். எப்ஸ்டைன் பார் வைரஸ், சுருக்கமாக இபிவி என்றார்கள். ஊரில் இந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தொண்டை வலி. மழையில் நனைந்துகொண்டு மாப்பிள்ளை அழைப்பு வாசித்ததால் வந்தது என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் 103 டிகிரி. எங்கள் பக்கம் காய்ச்சல் என்றால் நாலு சந்தேகம்தான் வரும்: டெங்கு, டைஃபாய்டு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல். வயலும் வாய்க்காலுமாக இருக்கிற ஊரில் அப்படிச் சந்தேகப்படுவதில் தப்பும் இல்லை. டெங்கு இல்லை என்று வந்தது. டைஃபாய்டுக்கு எடுக்கிற வைடால் சோதனை லேசாகப் பாசிட்டிவ் என்றார்கள். வைடால் லேசாகப் பாசிட்டிவ் வராத ஆளை டெல்டாவில் நான் இன்னும் பார்க்கவில்லை!

தொண்டைக்குள் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்து ஒரு கிளினிக்கில் அமாக்ஸிசிலின் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் மார்பு, முதுகு, கை எல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடித்துவிட்டது. அப்பாயி பார்த்தார், "அம்மை போட்டிருக்கு" என்று முடித்துவிட்டார். வாசலில் வேப்பிலை செருகியாகிவிட்டது. மருந்து மாத்திரை கிடையாது, தாளித்த குழம்பு கிடையாது. மூன்று நாள் அப்படியே போனது. அது அம்மை இல்லை, இந்த வைரஸ் உள்ளே இருக்கும்போது அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் வகை மருந்து போனால் பலருக்கு இப்படித் தடிக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. எனக்கு அந்த மருந்து ஆயுளுக்கும் ஆகாது என்று அர்த்தம் இல்லையாம். ஆனாலும் எந்த டாக்டரிடம் போனாலும் இப்படி ஆனதைச் சொல்லச் சொன்னார்கள்.

கடைசியில் தஞ்சாவூரில் ஒரு டாக்டர் என்னைப் படுக்கவைத்து, மூச்சை இழுக்கச் சொல்லி, இடது விலாவுக்குக் கீழே விரல் வைத்து அழுத்தினார். மண்ணீரல் வீங்கியிருந்தது. ஸ்கேனில் 15 சென்டிமீட்டர். என்ன வேலை என்று கேட்டார், சொன்னேன். "அடுத்தவர் சீவாளியை எடுத்து ஊதுவது உண்டா?" என்றார். நாகஸ்வரத்தின் முனையில் செருகி, உதட்டில் வைத்து ஊதுகிற துண்டுதான் சீவாளி. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தண்ணீர்ச் செம்பைக்கூட உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்து வளர்ந்தவன் நான். ஆனால் ஆடிப்பூரத்தன்று என் சீவாளி வாய் பிளந்துவிட்டதால் கூட வாசித்தவரிடம் வாங்கி இரண்டு மணி நேரம் ஊதினேன். எச்சில் வழியாகத்தான் இது முக்கியமாகப் பரவும், உள்ளே போய் நாலு முதல் ஆறு வாரம் கழித்துத்தான் தலைகாட்டும் என்றார். கணக்குப் போட்டால் சரியாக ஐந்து வாரம். அதுதான் காரணம் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. நான்தான் சொல்லிக்கொள்கிறேன்.

இதற்கென்று மருந்து இல்லை. பாராசிட்டமால், அதுவும் ஈரலும் கொஞ்சம் வீங்கியிருந்ததால் அவர் சொன்ன அளவுக்கு மேல் கூடாது. தண்ணீர், ஓய்வு. அப்புறம் ஒரு உத்தரவு: அடுத்த ஸ்கேன் வரை நாகஸ்வரம் தொடக்கூடாது. அடிவயிற்றிலிருந்து தம் பிடித்து ஊதினால் வீங்கிய மண்ணீரலுக்கு ஆகாதாம்.

காய்ச்சல் இரண்டு வாரத்தில் போய்விட்டது. சோர்வு போகவில்லை. மாடியில் துணி உலர்த்தப் போனால் இரண்டு வேட்டி போட்டதும் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். பத்து மணி நேரம் தூங்கி எழுந்தாலும் நாற்று நட்டுவிட்டு வந்தவன் மாதிரி இருக்கும். "காய்ச்சல்தான் விட்டுப்போச்சேப்பா" என்று கேட்டவர்களுக்கு என்ன பதில் சொல்வது? உங்களில் யாருக்காவது இப்படி இருந்ததா, எத்தனை நாள்?


நீடாமங்கலம் அம்மா

தம்பி, என் மகளுக்கு வந்தது, அப்போது பிளஸ் டூ. காலையில் எழுந்தால் கண் இமை இரண்டும் பொத்திக்கொண்டு வீங்கியிருக்கும். கிட்னியோ என்று பயந்து சிறுநீர்ப் பரிசோதனை எடுத்தோம், ஒன்றும் இல்லை. அப்புறம் கழுத்து வீங்கியது. மாமியார் பொன்னுக்கு வீங்கி என்று சொல்லித் தன் இரட்டை வடச் சங்கிலியைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டுவிட்டார். காய்ச்சலோடு படுத்திருக்கிற பெண்ணுக்கு நாலு பவுன்! பொன்னுக்கு வீங்கி என்றால் காதுக்குக் கீழே தாடையோரம் உப்பும். இவளுக்கு அப்படி இல்லை, பின்கழுத்தில் மணி கோத்த மாதிரி வரிசையாக நெறி கட்டியிருந்தது. அந்த வித்தியாசத்தைக் காட்டிக்கொடுத்தது ஒரு குழந்தை டாக்டர்தான். அதற்கு முன்னால் வேறொரு இடத்தில் டிபி கட்டியாக இருக்கலாம், ஊசி வைத்து எடுத்துப் பார்க்கலாம் என்று சொல்லி எங்களை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

முழுங்க முடியாமல் தவித்தாள். இட்லிகூட உரசியது. பழைய சோற்றைக் கரைத்து மோர் விட்டுக் கொடுத்தேன், இளநீர், ஐஸ்கிரீம். ஈரல் கணக்கு ஏறியிருந்தது என்று தெரிந்ததும் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கச் சொல்லி ஐந்து பேர் வந்தார்கள். அந்தக் கணக்கு இறங்கும்வரை வேறு எதுவும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் நான் கொடுக்கவில்லை. அதற்கு இன்னும் கோபமாக இருக்கிற உறவு உண்டு.

சோர்வு எத்தனை நாள் என்று கேட்டீர்கள். அவளுக்கு நான்கு மாதம். நாலரைக்குப் பள்ளிவிட்டு வந்தால் சீருடையைக்கூட மாற்றாமல் தூங்கிவிடுவாள். பள்ளியில் "படிக்கப் பயந்து நடிக்கிறாள்" என்றார்கள். நானும் ஒரு நாள் அப்படித்தான் கத்தினேன், அது இன்னும் என் மனசில் கிடக்கிறது. ஒன்று மட்டும் கவனித்தேன். நல்லா இருக்கிற நாளில் ஆசையாக ஆறு மணி நேரம் உட்கார்ந்து படித்தால் அடுத்த இரண்டு நாள் எழுந்திருக்கவே மாட்டாள். அதனால் நல்ல நாளோ கெட்ட நாளோ, முக்கால் மணி நேரம் படிப்பு, பிறகு படுக்கை என்று வைத்தோம். வாரத்துக்குக் கொஞ்சம் கூட்டினோம். சைக்கிளை நிறுத்திப் பஸ்ஸில் அனுப்பினேன். மார்ச் பரீட்சையை எழுதிவிட்டாள். நினைத்த மார்க் வரவில்லை, பாஸ்.


ஒரத்தநாடு ரைடர்

மண்ணீரல் விஷயத்தை யாரும் லேசாக எடுக்காதீர்கள். எனக்கு மார்கழியில் வந்தது. பொங்கலுக்குக் கபடி. காய்ச்சல் போய் ஏழெட்டு நாள்தான் ஆகியிருந்தது, உடம்பு சரியாகிவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு இறங்கினேன். மூன்றாவது ரைடில் தொடையைப் பிடித்து மேலே விழுந்தார்கள். இடது விலாவுக்குக் கீழே சுருக்கென்றது. கொஞ்ச நேரத்தில் இடது தோளில் வலி. தோளில்தான் அடிபட்டது என்று நினைத்து நீவிவிடச் சொன்னேன். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் இடது தோளில் வலி தெரியும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? தலை சுற்றி, வியர்த்துக் கொட்டியதும் பைக்கில் நடுவில் வைத்துத் தஞ்சாவூர் கொண்டுபோனார்கள். சிறு கிழிசல். அறுவை சிகிச்சை இல்லாமல் ஐந்து நாள் கண்காணிப்பில் வைத்தார்கள்.

இப்படி ஆவது அபூர்வம், நூறு பேரில் ஒருவருக்குக்கூட வராது என்றார்கள். ஆனால் முதல் மூன்று நான்கு வாரம் கபடி, எடை தூக்குவது, மூட்டை சுமப்பது எதுவும் கூடாது. நெல் மூட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.


பாபநாசம்

என் மனைவிக்கு ஏதோ பேக்கேஜ் பரிசோதனையில் இபிவி ஐஜிஜி பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. காய்ச்சல் எதுவும் இல்லை. நெட்டில் தேடினால் புற்றுநோய் என்று வருகிறது. இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது, தட்டு தம்ளரைத் தனியாக வைக்கவேண்டுமா? எதிர்ப்பு சக்தி பவுடர் என்று ஒருவர் 4,000 ரூபாய் சொல்கிறார்.


குடந்தை லேப்காரன்

சார், 4,000 ரூபாயைப் பத்திரமாக வையுங்கள். கும்பகோணத்தில் ஒரு லேபில் பதினோரு வருஷமாக ஸ்லைடு பார்க்கிறேன். டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

உலகத்தில் வளர்ந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இந்த வைரஸ் உள்ளே இருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலும் சின்ன வயதிலேயே, கொஞ்சுகிறபோதும் ஊட்டிவிடுகிறபோதும் வந்து, சளிக்காய்ச்சல் மாதிரி தெரியாமலே போய்விடும். அப்போது தப்பித்தவர்களைத்தான் பதினேழு, இருபதில் பிடித்து இப்படிப் புரட்டிப்போடும். ஒருமுறை வந்தால் பி அணுக்கள் என்கிற ஒரு வகை வெள்ளணுக்களில் ஆயுளுக்கும் ஒளிந்துகொண்டு இருக்கும், சின்னம்மை வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து பிறகு அக்கியாக வருகிறதே, அந்தக் குடும்பம்தான். ஐஜிஜி, ஐஜிஎம், இபிஎன்ஏ எல்லாம் இந்த வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிரணுக்களைப் பார்க்கிற சோதனைகள். ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ் என்றால் எப்போதோ வந்துபோன தடம், அவ்வளவுதான். புதிதாக வந்ததற்கு விசிஏ ஐஜிஎம் பாசிட்டிவாகவும், இபிஎன்ஏ நெகட்டிவாகவும் இருக்கும். இபிஎன்ஏ எழும்பச் சில மாதம் ஆகும். உங்கள் குழந்தைக்கும் ஏற்கெனவே வந்துபோயிருக்கலாம், தட்டைப் பிரித்து என்ன செய்வது?

புற்றுநோய்த் தொடர்பு பொய் இல்லை. 1964இல் லண்டனில் எப்ஸ்டைன், அச்சோங், பார் மூவரும் இந்த வைரஸைக் கண்டுபிடித்ததே உகாண்டாவிலிருந்து வந்த குழந்தைகளின் புற்றுக்கட்டியில்தான். 2022இல் அமெரிக்க ராணுவத்தினரின் பல வருட ரத்த மாதிரிகளை வைத்து, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்க்கும் இதற்கும் உள்ள பிணைப்பைக் காட்டினார்கள். ஆனால் வைரஸ் உள்ள கோடிக்கணக்கானவர்களில் மிக மிகச் சிலருக்குத்தான் அப்படிப் போகிறது. உங்கள் மனைவியின் ரிப்போர்ட்டில் பயப்பட ஒன்றும் இல்லை. அந்தப் பரிசோதனையைப் பேக்கேஜில் சேர்த்தவரிடம்தான் எனக்குக் கோபம்.

நாகஸ்வரத் தம்பிக்கு: உங்கள் நோய் முதலில் பிடிபடாததற்கு ஒரு காரணம் சொல்கிறேன். இதில் லிம்போசைட் என்கிற வெள்ளணு கூடும், அதில் பெரிதாக, நீலம் பாரித்த, பக்கத்துச் சிவப்பணுவின் மேல் சாய்ந்து ஓரம் நெளிந்த அணுக்கள் தெரியும். டெங்குவிலும் அதே மாதிரி அணு வரும். தட்டணுவும் இரண்டிலும் குறையலாம். ஐப்பசி கார்த்திகையில் அப்படி ஒரு ஸ்லைடு வந்தால் எல்லோர் மனசும் டெங்குவுக்குத்தான் போகும், என் மனசும்தான். மோனோஸ்பாட் என்ற துரிதச் சோதனை இருக்கிறது, முதல் வாரத்தில் செய்தால் பலருக்கு நெகட்டிவ் காட்டிவிடும்.

இன்னொன்று, சிலர் தொண்டை வீக்கத்துக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு வருகிறார்கள். மூச்சு அடைக்கிற அளவுக்கு டான்சில் வீங்கினால் ஆஸ்பத்திரியில் கொடுப்பார்கள், சும்மா சீக்கிரம் குணமாக என்று போடுவது அல்ல.


சீவாளி, திருவாரூர் பக்கம்

அக்கா, நான்கு மாதம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் அம்மாவிடம் போனைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். வாசித்துவிட்டு ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டார். ரைடர் அண்ணா, நல்லவேளை. லேப் சார், ஐப்பசிக்கு முன்னாலேயே வந்துவிட்டேன், அப்படியும் என்னை டெங்குவில் தள்ளத்தான் பார்த்தார்கள்.

எனக்கு மூன்றாவது ஸ்கேன் மார்கழிக் கடைசியில் எடுத்தார்கள். மண்ணீரல் பழைய அளவுக்கு வந்துவிட்டது. அதுவரை வாத்தியார் என்னை வீட்டில் விடாமல் செட்டோடு கூட்டிக்கொண்டு போனார், வாசிக்க இல்லை, தாளம் போட. ஜால்ராவும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். பழைய சம்பளத்தில் கால்வாசி கிடைத்தது. தையில் முதல் கல்யாணத்தில் இருபது நிமிஷம் வாசித்தேன், வியர்த்துவிட்டது. இப்போது ஒரு மணி நேரம் முடிகிறது. சீவாளி எனக்கென்று தனி டப்பா, யார் கேட்டாலும் தருவதில்லை, நானும் கேட்பதில்லை. கோயிலில் சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசிக்க மட்டும் வாத்தியார் இன்னும் விடவில்லை. "ஆடி வரட்டும்" என்கிறார்.