ஸ்லைடின் வால் பக்கம்

கொல்கத்தாவில் பேத்தாலஜி படித்தபோது நடந்தது. எச்.ஐ.வி. உள்ள பீகார்க்காரர், மூன்று வாரமாகக் காய்ச்சல், மண்ணீரல் வீக்கம், மூன்று வகை ரத்த அணுக்களும் குறைவு. இரவு டியூட்டியில் அவருடைய ஸ்மியர், அதாவது ஸ்லைடில் மெல்லிசாகத் தேய்த்துச் சாயம் போட்ட ரத்தச் சொட்டு, என்னிடம் வந்தது. நடுப்பகுதியில் எவ்வளவு தேடியும் ஒன்றுமில்லை. மூடி வைக்கப் போனவன், சரி, ரத்தம் தேய்ந்து முடியும் வால் பக்கத்தையும் பார்த்துவிடலாம் என்று நகர்த்தினேன். பெரிய செல்கள் அங்கேதான் ஒதுங்கும். மோனோசைட் என்ற பெரிய வெள்ளணு ஒன்றுக்குள் ஏழெட்டுப் பொடி உருண்டைகள்! ஒவ்வொன்றும் 2 முதல் 4 மைக்ரான். சுற்றி வெள்ளை வளையம், உள்ளே ஒரு ஓரமாகப் பிறை போல ஊதா.

லீஷ்மேனியா ஒட்டுண்ணியால் வரும் கலா அசார் என்று எழுதிவிட்டேன். ஊர் வேறு பொருந்தியதா, சந்தேகமே வரவில்லை. காலையில் மேடம் பார்த்துவிட்டு, கைனட்டோபிளாஸ்டைக் காட்டு என்றார். லீஷ்மேனியா என்றால் உட்கருவுக்குப் பக்கத்தில் குச்சி மாதிரி அது தெரிய வேண்டும். அரை மணி நேரம் தேடினேன், ஒன்றில்கூட இல்லை. இது ஹிஸ்டோபிளாஸ்மா, பூஞ்சை. பனாமாவிலிருந்து 1906-இல் இதை முதலில் எழுதிய சாமுவேல் டார்லிங்கும் ஒட்டுண்ணி என்றே நினைத்தாராம். அந்த வளையத்தைக் கூடு என்று நம்பிப் பெயரிலும் ‘கேப்சுலேட்டம்’ என்று சேர்த்துவிட்டார். உண்மையில் சாயம் போடும்போது செல் சுருங்குவதால் வரும் இடைவெளி அது. எனக்கு அதில் கொஞ்சம் ஆறுதல்.

இரண்டு நோய்க்கும் ஆம்போடெரிசின் பி என்ற ஒரே மருந்தைக் கொடுப்பதால் என் தவறு கொஞ்ச நாள் வெளியே தெரியாமலே போயிருக்கும். ஆனால் ஹிஸ்டோபிளாஸ்மாவுக்கு அப்புறம் ஓராண்டாவது இட்ராகொனசோல் என்ற பூஞ்சைக்கான மாத்திரை வேண்டும். விட்டால் திரும்ப வரும். எலும்பு மஜ்ஜையிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் போன் மேரோ கல்ச்சர் வளர்ந்து ரிப்போர்ட் வந்தபோது நாலு வாரம் ஆகியிருந்தது. அவர் அதற்குள் மாத்திரையோடு ஊருக்குப் போய்விட்டார்.

*

நான் லேப் டெக்னீஷியன். எனக்கு நடந்தது நேர்மாறு, இல்லாத கிருமியைப் பார்த்தேன். சிறுநீரக மாற்று செய்து, நோய் எதிர்ப்பைக் குறைக்கும் டாக்ரோலிமஸ் எடுப்பவரின் ஸ்மியரில் ஊதாப் பொட்டுகளைப் பார்த்து, நடுராத்திரி டாக்டரை எழுப்பிவிட்டேன். அவர் வந்து மைக்ரோஸ்கோப்பின் ஃபைன் ஃபோகஸைத் திருகினார். பொட்டுகள் செல்லுக்கு மேலே மிதந்தன. வடிகட்டாத லீஷ்மன் சாயத்தின் பொடி! ஒன்றும் சொல்லாமல் டீ குடிக்கப் போனார்.

இப்போது சாயத்தை வடிகட்டாமல் தொடுவதில்லை. வெள்ளணு ரொம்பக் குறைவாக இருந்து, கேஸ் ஷீட்டில் மாற்று அறுவை, ஸ்டீராய்டு என்று ஏதாவது கண்ணில் பட்டால், யாரும் கேட்காமலே பஃபி கோட் ஸ்மியரும் போட்டுவிடுகிறேன். குழாயைச் சுழற்றினால் பிளாஸ்மாவுக்கும் சிவப்பணுவுக்கும் நடுவே மெல்லிய வெள்ளைப் படலம் நிற்கும், அதிலிருந்து ஒரு சொட்டு. வெள்ளணுக்கள் ஒரே இடத்தில் கிடைக்கும். கூடுதலாகப் பத்து நிமிடம் பிடிக்கும்.