கதையின் முடிவை ஆசிரியரே மாற்றிவிட்டார், எப்படிப் பேசுவது?

கேள்வி:
ஒரு மாத இதழுக்குத் தொடர்ந்து சிறுகதை அனுப்பி வருகிறேன். ஆசிரியர் நுட்பமான வாசகர், என்னை விடாமல் எழுத வைத்தவரும் அவர்தான். ஆனால் போன இதழில் என் கதையின் கடைசிப் பத்தி இல்லை, அந்த இடத்தில் நான் எழுதாத இரண்டு வரிகள் இருக்கின்றன. அச்சில் பார்த்துதான் எனக்கே தெரிந்தது. பக்கம் போதாமல் வெட்டினால் புரிந்துகொள்வேன், என் பெயரில் வேறொருவர் வாக்கியம் வருவதைத் தாங்க முடியவில்லை. இப்போது அடுத்த கதை கேட்கிறார். உறவு கெடாமல் எப்படிச் சொல்வது?

பதில்:
நான் ஒரு சிற்றிதழுக்குக் கதைகள் பார்க்கிறேன். அவர் செய்தது சரியில்லை. எழுத்துப்பிழை, ஒருமை பன்மை, பாத்திரத்தின் பெயர் நடுவில் மாறியிருப்பது, இதையெல்லாம் கேட்காமலே திருத்தலாம். பத்தியை எடுப்பது, தலைப்பையோ முடிவையோ மாற்றுவது என்று வந்தால் எழுதியவரிடம் கேட்டே ஆக வேண்டும். நான் சொந்தமாக வரி சேர்ப்பதே இல்லை. 'இவள் ஏன் கதவைத் திறக்கவில்லை?' என்று ஓரத்தில் கேள்வி மட்டும் எழுதி அனுப்புவேன், பெரும்பாலும் நான் யோசித்ததைவிட நல்ல தீர்வோடு கதை திரும்பி வரும். இடம் போதாவிட்டால் எத்தனை சொல் குறைய வேண்டும் என்று சொல்வேன், எதை எடுப்பது என்பது அவர்கள் பாடு.

பதில்:
அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர் ரேமண்ட் கார்வர், அவருடைய ஆசிரியர் கார்டன் லிஷ் விவகாரத்தைப் படித்துப் பாருங்கள். 'எஸ்குயர்' இதழில் புனைகதைப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்த லிஷ்தான் 1971இல் கார்வரின் கதையை அங்கே வெளியிட்டுக் கைதூக்கிவிட்டார். பிறகு பதிப்பகத்துக்குப் போன அதே லிஷ், 1981இல் வந்த தொகுப்பில் சில கதைகளைப் பாதிக்கும் மேல் வெட்டி முடிவுகளையும் மாற்றினார். 1980 ஜூலையில் புத்தகத்தை நிறுத்தச் சொல்லிக் கார்வர் மன்றாடிக் கடிதம் எழுதியும் பலனில்லை. அந்தத் தொகுப்புதான் அவருக்குப் பெரும் புகழ் தந்தது என்பதும் உண்மை, அதனால்தான் இந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. நான் எழுத்தாளர் கட்சி. விபத்தில் அடிபட்ட சிறுவனின் பெற்றோரைப் பற்றிய, வெட்டுப்பட்ட கதை ஒன்றை 1983 தொகுப்பில் கார்வர் விரிவான வடிவத்தில் மீண்டும் கொண்டுவந்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் அந்தப் பெற்றோரின் துக்கம் நீண்ட வடிவத்தில்தான் முழுதாக இறங்குகிறது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஆனால் கேட்டால் அடுத்த கதையைப் போடாமல் விட்டுவிடுவாரோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்:
அவரே கதை கேட்கும் நேரம்தான் பேச நல்ல நேரம். போனில் கோபமாகப் பேச வேண்டாம், கதையை அனுப்பும் மெயிலிலேயே எழுதுங்கள்: போன கதையின் முடிவு மாறியது வருத்தம் தந்தது, இனி ப்ரூஃப் பார்த்து நான் சரி சொன்ன பிறகு அச்சுக்குப் போகட்டும், முடிவில் என்ன குறை என்று சொன்னால் நானே திருத்தித் தருகிறேன். நல்ல ஆசிரியர் என்றால் இதற்காகக் கதையை ஒதுக்க மாட்டார். அப்புறம், உங்கள் மூலப்பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள். உரிமையை எழுதிக் கொடுக்காதவரை கதை உங்களுடையதுதான், தொகுப்பு வரும்போது உங்கள் முடிவோடே போடலாம்.