ஸ்லோ குக்கர் பீஃப் சாண்ட்விச்: முன்கூட்டியே செய்து வைத்தால் ரொட்டி கூழாகிறது

ராக்கோழி:
சிகாகோ பக்கம் இருக்கிறேன். வாரத்தில் மூன்று ராத்திரி ஷிப்ட். வீட்டுக்காரருக்குத் தெரிந்த சமையல் நூடுல்ஸும் ஆம்லெட்டும்தான். பெரியவன் நீச்சல் வகுப்பு முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றும்போதே சாப்பாடு கேட்பான். அதனால் ஞாயிற்றுக்கிழமையே இத்தாலியன் பீஃப், அதாவது சாற்றில் நனைத்த மாட்டுக்கறி சாண்ட்விச், செய்து வைத்துவிடலாம் என்று இறங்கினேன்.

மூன்று பவுண்ட் ஐ ஆஃப் ரவுண்ட், மாட்டின் பின்தொடைக் கறி. கொழுப்பே இல்லாமல் பார்க்க அழகாக இருந்தது, வாங்கிவிட்டேன். ஸ்லோ குக்கரில் (மணிக்கணக்கில் மெல்ல வேகவைக்கும் மின்சாரப் பானை) லோவில், அதாவது குறைந்த சூட்டில், எட்டு மணி நேரம். எடுத்துப் பார்த்தால் தேங்காய் நார். சாற்றில் மூழ்கிக் கிடந்த கறி எப்படி வறண்டு போகும்? சரி, இருக்கட்டும் என்று பன்னுக்குள் வைத்து, மேலே சாறும் ஊற்றி, ஃபாயிலில் சுற்றி எட்டு சாண்ட்விச் ஃப்ரீசரில் போட்டேன். புதன்கிழமை ராத்திரி சின்னவள் படம் எடுத்து அனுப்பினாள்: "அம்மா, இது உப்புமாவா?"

எங்கே தப்பு?

அடிப்பிடித்த சட்டி:
அக்கா, கறிக்கடையிலேயே தப்பு நடந்துவிட்டது. ஐ ஆஃப் ரவுண்ட் மெலிந்த கறி. வேக வேக உள்ளே இருக்கும் ஈரத்தைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். சுற்றி எவ்வளவு சாறு இருந்தாலும் அது திரும்ப உள்ளே போகாது. சக் ரோஸ்ட் கேளுங்கள், தோள்பட்டைக் கறி. அதில் இருக்கும் சவ்வு மெதுவாக உருகி நாருக்கு நடுவே பிசுபிசுப்பாக நிற்கும். ஆட்டுக்கால் சூப் ஆறினால் கெட்டியாகுமே, அதே சமாச்சாரம்தான்.

நான் போடுவது: நான்கு பவுண்ட் சக், வாணலியில் நன்றாகச் சிவக்க வைத்து. ஒரு பாட்டில் பெப்பரொன்சினி மிளகாய், அதன் வினிகர் தண்ணீரோடு. ஒரு கப் பீஃப் ஸ்டாக், ஆறு பல் பூண்டு, ஓரிகானோ. உப்பு கடைசியில்தான், ஏனென்றால் பாட்டில் தண்ணீரே உப்பு. லோவில் எட்டு, ஒன்பது மணி நேரம். முள்கரண்டியைக் குத்தித் திருகினால் கறி தானாகப் பிரிய வேண்டும். முரண்டு பிடித்தால் வேகவில்லை என்று அர்த்தம், இன்னும் ஒரு மணி நேரம் விடுங்கள். இந்த இடத்தில் பயந்து அணைப்பவர்கள்தான் அதிகம்.

பழைய சிகாகோக்காரன்:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும், உதிர்த்த கறி இத்தாலியன் பீஃப் ஆகாது. கடையில் அடுப்பில் சுட்ட கறியைக் காகிதம் மாதிரி சீவி, சாற்றில் முக்கித் தருவார்கள். இத்தாலியக் குடும்பங்கள் கல்யாணங்களில் கொஞ்சம் கறியை நிறைய பேருக்குப் பரிமாறக் கண்டுபிடித்த வழி என்பார்கள். வீட்டில் உதிர்த்தே செய்யுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்! ஸ்லோ குக்கரும் இந்த ஊர்ச் சரக்குதான்: இர்விங் நாக்ஸன் என்ற சிகாகோக்காரர் 1940-ல் காப்புரிமை வாங்கியது.

டப்பா ராணி:
ஃப்ரீசர் விஷயம் நான் சொல்கிறேன். ரொட்டியும் கறியும் வீட்டில் கடைசி நிமிடத்தில்தான் சந்திக்க வேண்டும். உதிர்த்த கறியைச் சாற்றோடு, ஒரு வேளைக்கு ஒரு பை என்று கட்டி, தட்டையாகப் படுக்கவைத்து உறைய விடுங்கள். புத்தகம் மாதிரி அடுக்கலாம், சீக்கிரமும் உருகும். பானையோடு ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், நடுவில் ராத்திரி முழுக்கச் சூடு நிற்கும். அகலமான தட்டில் ஆறவிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். ஃப்ரிட்ஜில் மூன்று, நான்கு நாள். ஃப்ரீசரில் இரண்டு, மூன்று மாதம் ருசி கெடாது.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி ஒரு பையை ஃப்ரிட்ஜுக்கு இறக்கிவிடுங்கள். சூடாக்க ஸ்லோ குக்கர் வேண்டாம், அது சூடேற நேரம் எடுக்கும். சின்னப் பாத்திரத்தில் ஆவி பறக்கக் கொதித்தால் போதும். பன்னைப் பிளந்து, உள்பக்கம் ப்ரோவலோன் சீஸ் வைத்து ஓவனில் மொறுமொறுப்பாக்கி, அப்புறம் கறி. சாறு தனிக் கிண்ணத்தில், தொட்டுக்கொள்ள.

ராக்கோழி:
சக் வாங்கிச் செய்தேன். ஐந்து பை தேறியது. பை மேல் மார்க்கரில் "கொதிக்க விடவும். கிளறவும். பன் தனியே" என்று எழுதி வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் நேற்று போன் செய்து கேட்டது ஒன்றே ஒன்று: "கறியைப் பையோடு கொதிக்க விடணுமா?"