ஜெலட்டின்: ‘ஊன்பசை’ போதுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஜெலட்டினுக்கு ஒரு தமிழ்க் கலைச்சொல் தேடும் நம் உரையாடலில் வந்த இரண்டு யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘ஊன்பசை’ என்றே இருக்கட்டும். பொருள் விளங்குகிறது, புதுச்சொல் எதற்கு?

பொருள் விளங்குவது உண்மைதான், ஐயா. தோலையும் எலும்பையும் அமிலத்திலோ காரத்திலோ ஊறவைத்து வெந்நீரில் காய்ச்சினால், கொலாஜன் என்ற நார்ப்புரதத்தின் முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டின் இறங்குகிறது. தச்சர்கள் மரம் ஒட்டும் வச்சிரமும் இதன் தூய்மை குறைந்த வடிவம்தான். ஆகவே ‘ஊன்’ அப்படியே நிற்கட்டும். என் தயக்கம் ‘பசை’ மேல்.

அறுவைச் சிகிச்சையில் ரத்தம் கசியும் இடத்தில் வைக்கிற ஜெலட்டின் பஞ்சைப் பாருங்கள். ரத்தத்தை உறிஞ்சி, அது உறைய இடம் கொடுத்து, சில வாரங்களில் உடலுக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. திரும்பத் திறந்து எடுக்க வேண்டியதில்லை. ‘ஊன்பசைப் பஞ்சு’ என்று எழுதினால் பசை தடவிய பஞ்சு என்றுதான் படிப்பவர் நினைப்பார். இன்னொன்று: 2020-ல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில், யோஹானஸ் கெப்ளர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜெலட்டினோடு கிளிசராலும் சர்க்கரையும் சேர்த்து, ரப்பர்போல் இழுபடும் ஒரு களியைச் செய்தார்கள். அதில் மென்மையான ரோபோ உறுப்புகள் செய்யலாம். வேலை முடிந்து தூக்கிப் போட்டால் மக்கிவிடும். எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடு இது. இதில் பசைக்கு என்ன வேலை?

> ‘இளகுபுரதம்’ எப்படி? சூட்டில் உருகுவதை இளகும் நெகிழி, உருகாததை இறுகும் நெகிழி என்று பாடநூலிலேயே சொல்கிறார்களே.

அழகான சொல். முதலில் நானும் இதன் பக்கம்தான் சாய்ந்தேன். ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் நுண்ணுயிர் வளர்க்க ஜெலட்டினைப் பயன்படுத்தியபோது, உடல் வெப்பமான 37 டிகிரியில் அது உருகி ஓடியது. அவர் ஆய்வகத்தில் பணியாற்றியவரின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே 1881-ல் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகாரைப் பரிந்துரைத்ததால்தான் அந்தச் சிக்கல் தீர்ந்தது. அந்தக் கதை முழுவதையும் ‘இளகு’ என்ற ஒரு சொல் தாங்கிவிடுகிறது.

ஆனால் இன்று உயிரணுக்களை அச்சுப்பொறியால் அடுக்கித் திசு உருவாக்குபவர்கள் அந்தக் குணத்தைத்தான் மாற்றுகிறார்கள். ஜெலட்டின் மூலக்கூறுத் தொடரில், ஒளியால் ஒன்றோடொன்று பிணையக்கூடிய மெத்தாக்ரிலாயில் என்ற வேதித் தொகுதிகளைப் பொருத்தி, உயிரணுக்களைக் கலந்து, ஒளி பாய்ச்சுகிறார்கள். தொடர்களுக்கிடையே குறுக்கிணைப்புகள் விழுந்த பிறகு உடல் வெப்பத்தில் அது இளகாது. ‘இளகாத இளகுபுரதம்’ என்று எழுத நேரும்.

குணத்தை வைத்துப் பெயரிட்டதால் வந்த குழப்பத்தைச் செய்திகளில் அடிக்கடி பார்க்கிறோம். ‘ஜெலட்டின் குச்சிகள் பறிமுதல்’ என்கிறார்களே, அந்த வெடிமருந்துக்குப் பெயர் வந்தது புரதத்தால் அல்ல. ஆல்ஃபிரட் நோபல் 1870-களில் நைட்ரோகிளிசரினில் நைட்ரோசெல்லுலோஸைக் கரைத்தபோது அது களியாகத் திரண்டது, அவ்வளவுதான். அதற்கு ‘வெடிகளி’ என்று தனியாக வைத்துவிடலாம்.

சரி, என் முன்மொழிவு: ஊன்மம். தனிமம், கனிமம், கூழ்மம் வரிசையில் ஒலிக்கிறது. கூட்டுச்சொற்களில் போட்டுப் பார்த்தேன்: ஊன்மப் பஞ்சு, ஊன்மப் படலம், ஊன்ம நீர்க்களி, ஒளியிறுகு ஊன்மம். எங்கும் இடறவில்லை. மாத்திரைக் கூடுக்கு ‘ஊன்ம உறை’ என்றால் மற்றொரு நன்மையும் உண்டு. புலால் தவிர்ப்பவர் படித்தவுடனே தெரிந்துகொள்வார். செல்லுலோஸ் உறையைக் கேட்டு வாங்கலாம்.

ஒரு மறுப்பு வரும் என்று எனக்கே தெரிகிறது. ஈஸ்ட்டில் மரபணுவைச் செலுத்தி, விலங்கே இல்லாமல் ஜெலட்டின் தயாரிக்கும் முறை வந்துவிட்டது. அதில் ஊன் எங்கே? அமினோ அமிலங்களின் வரிசை கொலாஜனுடையதைப் பின்பற்றுவதால் பெயர் பொருந்தும் என்பது என் கருத்து. ஆனால் அப்போது உறைக்காகச் சொன்ன நன்மை போய்விடும். அதனால் அதை ‘ஈஸ்ட் ஊன்மம்’ என்று அடைமொழியோடுதான் எழுத வேண்டும். இதைவிட நல்ல வழி யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.

அப்புறம், இலக்கணம் அறிந்தவர்களிடம் ஒரு கேள்வி. கொலாஜனுக்கு ‘ஊன்நார்’ என்று வைத்தால் இரண்டும் ஜோடியாக நிற்கும்: ஊன்நார் அவிழ்ந்தால் ஊன்மம். ஆனால் புணர்ச்சி விதிப்படி அது ‘ஊனார்’ ஆகிவிடுமே. படிப்பவருக்கு ஆள்பெயர்போல் தோன்றும். கலைச்சொல் என்பதால் ‘ஊன்நார்’ என்று புணர்க்காமலே எழுதலாமா?