கையளிக்கப்பட்ட ஆப்கான் கைதிகள்: குடும்பக் குழுவில் ஓர் உரையாடல்

தர்ஷினி:
எல்லோருக்கும் வணக்கம். 2009ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் திகதி கனடாப் பாராளுமன்றத்தின் கூட்டத்தொடர் இடைநடுவில் முடித்துவைக்கப்பட்டது பற்றி அரசறிவியல் வகுப்புக்கு எழுதவேண்டியுள்ளது. பொருளாதாரத் திட்டத்தைச் செப்பனிட அவகாசம் தேவைப்பட்டது என்று அப்போதைய பிரதமர் ஹார்ப்பரின் அரசு சொன்னதாகவும், ஆப்கான் கைதிகள் விவகாரத்திலிருந்து தப்பவே அப்படிச் செய்தார்கள் என்று எதிர்க்கட்சிகள் சொன்னதாகவும் வாசித்தேன். சிவநேசன் மாமா, அந்த விவகாரத்தை விளக்குவீர்களா?

சிவநேசன் மாமா:
பிள்ளை, நீ 2005ஆம் ஆண்டு டிசம்பரிலிருந்து தொடங்கவேண்டும். ஆப்கானிஸ்தானின் கந்தகாரில் தலிபான்களுக்கு எதிரான போரில் கனேடியப் படையினர் பிடிப்பவர்களை ஆப்கான் அதிகாரிகளிடம் கையளிப்பது என்ற உடன்படிக்கையில் கனடாவின் அன்றைய முப்படைத் தளபதி ஜெனரல் ஹிலியர் அப்போது கையெழுத்திட்டார். அதே போரில் நின்ற பிரித்தானியரும் நெதர்லாந்துக்காரரும் தாங்கள் கையளித்தவர்களைப் பின்னர் சென்று பார்க்கும் உரிமையைத் தமது உடன்படிக்கைகளில் எழுதி வாங்கியிருந்தார்கள். கனடா அதைக் கேட்டுப் பெறவில்லை. ஆப்கான் புலனாய்வுத்துறையின் சிறைகளில் சித்திரவதை வழமையானது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்த காலம் அது. சித்திரவதை நடக்கும் ஆபத்து உண்டென்று தெரிந்துகொண்டே ஒருவரைக் கையளிப்பது சர்வதேசச் சட்டத்தை மீறும் செயல். அடித்தது எங்கள் ஆள் இல்லை என்பது அதற்குப் பதிலாகாது.

2007 ஏப்ரலில் ஒரு கனேடிய நாளிதழின் செய்தியாளர், கையளிக்கப்பட்ட முப்பது பேரைச் சந்தித்து அவர்கள் பட்டதை எழுதியபிறகுதான் அரசு அசைந்தது. அடுத்த மாதமே, சிறைகளுக்குள் சென்று பார்க்கும் உரிமையுடன் புதிய உடன்படிக்கை வந்தது. அப்படியென்றால் முதல் ஒன்றரை ஆண்டில் கையளிக்கப்பட்டவர்களுக்கு யார் பொறுப்பு?

குகன்:
மாமா, மன்னிக்கவேண்டும், எனக்கு இதில் ஒரு சங்கடம் உள்ளது. அந்தப் போரில் 158 கனேடியப் படையினர் உயிரிழந்தார்கள். வீதியோரக் குண்டுகளுக்கு நடுவே நின்றவர்களை, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு நாம் வீட்டிலிருந்துகொண்டு போர்க்குற்றவாளிகள் என்று சொல்வது நியாயமா?

சிவநேசன் மாமா:
தம்பி குகன், நீ கேட்டது நல்ல கேள்வி. ஆனால் உண்மையை எழுதிவைத்தவர்களே அந்தப் படையினர்தாம். 2006 ஜூனில் ஒரு கைதியை ஆப்கான் பொலிசாரிடம் கொடுத்தபிறகு, அவர்கள் அவரைச் செருப்பால் அடிப்பதைக் கண்ட கனேடியப் படையினர் அவரைத் திரும்ப மீட்டார்கள். முன்பும் இப்படி நடந்திருப்பதால், கொடுப்பதற்கு முன்னரே அவரைப் படம்பிடித்து வைத்தோம் என்று களக்குறிப்பில் எழுதினார்கள். அந்தக் கைதி கனேடியரின் காவலில் இருந்தவரல்லர் என்று பாராளுமன்றக் குழுவில் கூறிய முப்படைத் தளபதி ஜெனரல் நடின்சிக், மறுநாளே, 2009 டிசம்பர் 9ஆம் திகதி, செய்தியாளர்களை அழைத்துத் தன் கூற்றைத் திருத்திக்கொண்டார். ஆகவே குற்றச்சாட்டு தலைநகர் ஒட்டாவாவில் இருந்தவர்கள்மீதுதான்: களத்தில் நின்ற சிப்பாய்க்கு 2006இல் தெரிந்தது அமைச்சருக்கு எப்போது தெரிந்தது?

இன்னொன்றையும் சொல்கிறேன். 2007 நவம்பரில் கந்தகாரிலிருந்த புலனாய்வுத்துறைச் சிறைக்குச் சென்ற கனேடிய அதிகாரிகளிடம் ஒரு கைதி, தன்னை மின்கம்பியாலும் ரப்பர் குழாயாலும் அடித்தார்கள் என்று சொல்லி, அந்த அறையிலிருந்த ஒரு கதிரையைக் காட்டினார். அதற்குக் கீழே முறுக்கிய மின்கம்பியும் ரப்பர் குழாயும் கிடந்தன. உடனடியாகக் கையளிப்பு நிறுத்தப்பட்டது. ஆனால் அதைப் பொதுமக்களுக்கு அறிவிக்கவில்லை; ஒரு நீதிமன்ற வழக்கின் வழியாகத்தான் அது வெளியே வந்தது. எனக்கு இன்றுவரை ஆறாதது அந்த மௌனம்தான்.

லோகா சித்தி:
வாசிக்கவே நெஞ்சு பதறுகிறது, அண்ணா. கையளிக்கப்பட்டவர்கள் எங்கே என்று இலங்கை அரசைக் கேட்டு இதே ரொறன்ரோ வீதிகளில் பதாகை பிடித்தவர்கள் நாங்கள். நாம் வரி கட்டுகிற அரசிடம் அதே கேள்வியைக் கேட்காமல் விடுவது எப்படி?

தர்ஷினி:
கொல்வின் என்ற இராஜதந்திரியின் பெயர் அடிக்கடி வருகிறதே, மாமா?

சிவநேசன் மாமா:
ரிச்சர்ட் கொல்வின் கந்தகாரிலும் காபூலிலும் கனடாவுக்காகப் பணியாற்றியவர். 2006ஆம் ஆண்டிலிருந்தே எச்சரிக்கை அறிக்கைகளை அனுப்பிக்கொண்டிருந்தார். 2009 நவம்பர் 18ஆம் திகதி பாராளுமன்றக் குழுவின்முன், நாங்கள் கையளித்த எல்லோருமே சித்திரவதைக்கு உள்ளாகியிருக்கக்கூடும் என்றும், அவர்களில் பலர் விவசாயிகள், பாரவூர்தி ஓட்டுநர்கள், தையற்காரர்கள் போன்ற சாதாரண மனிதர்கள் என்றும் சாட்சியமளித்தார். அவருடைய ஆதாரம் நம்பத்தக்கதல்ல என்று பாதுகாப்பு அமைச்சர் பீற்றர் மக்கே தாக்கிப் பேசினார். அதற்கு எதிராக ஓய்வுபெற்ற தூதர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டுக் கடிதம் எழுதினார்கள். டிசம்பர் 10ஆம் திகதி, தணிக்கை செய்யாத ஆவணங்களைத் தரும்படி சபை கட்டளையிட்டது. இருபது நாட்களில் கூட்டத்தொடரே முடித்துவைக்கப்பட்டது. சாட்சிகளை விசாரித்துவந்த குழுவும் அத்தோடு நின்றது. இந்த இரண்டு திகதிகளையும் உன் கட்டுரையில் அருகருகே வை, பிள்ளை.

குகன்:
ஆனால் தேசப் பாதுகாப்பு ஆவணங்களை எல்லோருக்கும் திறந்துவிட முடியாதுதானே, மாமா?

சிவநேசன் மாமா:
முடியாதுதான், அதைச் சபாநாயகரும் ஏற்றுக்கொண்டார். 2010 ஏப்ரல் 27ஆம் திகதி சபாநாயகர் பீற்றர் மில்லிக்கன் அளித்த தீர்ப்பு, எந்த ஆவணத்தையும் கேட்டுப் பெறும் உரிமை பாராளுமன்றத்துக்கு உண்டு என்றும், இரகசியத்தைக் காக்கும் வழியை இரு வாரங்களுக்குள் கட்சிகள் பேசி முடிவுசெய்யவேண்டும் என்றும் சொன்னது. அதன்படி சில உறுப்பினர்கள் இரகசியமாக வாசிக்க ஏற்பாடு நடந்தது. போதிய வெளிப்படைத்தன்மை இல்லையென்று, எதிர்க்கட்சிகளில் ஒன்றான புதிய ஜனநாயகக் கட்சி விலகிக்கொண்டது. 2011 ஜூனில் வெளிவந்தது ஏறக்குறைய 4,000 பக்கங்கள், கறுப்பு மையால் அழித்த வரிகளோடு. மீளாய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதாகச் சொல்லப்பட்டதோ ஏறக்குறைய 40,000 பக்கங்கள்.

தர்ஷினி:
ஆட்சி மாறியபிறகாவது பொது விசாரணை வந்ததா?

சிவநேசன் மாமா:
வரவில்லை. எதிர்க்கட்சியாக இருந்தபோது விசாரணை கேட்ட லிபரல் கட்சியினர் ஆட்சிக்கு வந்தபின், 2016இல், இணையவழி மனு ஒன்றுக்குப் பதிலளித்த பாதுகாப்பு அமைச்சர் ஹர்ஜித் சஜ்ஜன் விசாரணை தேவையில்லை என்றார். அவரே 2006இல் கந்தகாரில் படைப்பணி செய்தவர் என்பதால், அந்த முடிவை அவர் எடுத்திருக்கக்கூடாது என்பது என் கருத்து. கட்சியைப் பார்த்து யாரையும் விட்டுவிடாதே, பிள்ளை. இரண்டு அரசுகளையும் கேள்.

லோகா சித்தி:
தர்ஷினி, கட்டுரையை முடித்ததும் இந்தக் குழுவில் போடு. எங்கள் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதத்தோடு அதை இணைத்து அனுப்பி, மீதிப் பக்கங்கள் எப்போது வெளிவரும் என்று கேட்போம்.

குகன்:
கடிதத்தில் என் பெயரையும் சேர்த்துவிடுங்கள், சித்தி. அந்தக் களக்குறிப்பை எழுதிய படையினர் பற்றி ஒரு பந்தி கட்டாயம் இருக்கவேண்டும். அதை நானே எழுதித் தருகிறேன்.