கஜாவுக்குப் பிறகு கோடியக்கரை ரிலேக்கு பேட்டரி அமைத்த அனுபவம்

வேதாரண்யம் பக்கம் இன்டர்நெட் இணைப்பு கொடுக்கும் தொழில் செய்கிறேன். கோடியக்கரையில் ஒரு மாடி வீட்டின் மேல் எங்கள் ரிலே (சிக்னலை வாங்கி அடுத்த இடத்துக்கு அனுப்பும் அமைப்பு) இருக்கிறது. இரண்டு ரேடியோ, ஒரு சின்ன நெட்வொர்க் ஸ்விட்ச், அவ்வளவுதான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது. ஒரு வாரம் கழித்து வேதாரண்யத்தில் இன்டர்நெட் லைன் உயிர் பெற்றதும், ரேடியோ மாட்டிய, சாய்ந்து கிடந்த குழாயை நிமிர்த்திக் கட்டினோம். கருவிகளில் பழுது இல்லை, கரண்ட்தான் இல்லை. இன்வெர்ட்டர் பேட்டரி முதல் நாளே படுத்துவிட்டது. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை பேச முடியுமா என்று வயதானவர்கள் மாடிப்படியில் காத்திருந்தார்கள். ஒரு டிராக்டரின் பேட்டரியைக் கழற்றிவந்துதான் அன்றைக்கு ஓட்டினோம். அந்த முகங்களைப் பார்த்த பிறகு இதை அரைகுறையாக விட மனசு வரவில்லை.

அப்புறம் உட்கார்ந்து அளந்து பார்த்தேன். மூன்று கருவிக்கும் சேர்த்து 22 வாட்தான். ஆனால் பேட்டரியிலிருந்து போனது 45 வாட்! 12 வோல்ட்டை 230 ஆக்கி, அதை அடாப்டர் மறுபடி 24 ஆக்குவதற்குள் பாதி வீண். சும்மா ஆனில் இருப்பதற்கே இன்வெர்ட்டர் 15 வாட் தின்றது. அதைத் தூக்கிவிட்டு, ரேடியோவுக்கு 24 வோல்ட் கன்வெர்ட்டரும் ஸ்விட்ச்சுக்கு 12 வோல்ட்டை நிலையாகத் தரும் இன்னொன்றும் போட்டேன். பேட்டரி 11லிருந்து 14 வரை ஏறி இறங்கும் என்பதால் ஸ்விட்ச்சை நேரடியாகக் கொடுக்கவில்லை. இப்போது மொத்தம் 25 வாட். 150 ஏஹெச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் ஈய-ஆசிட் பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினாலும் 36 மணி நேரம் நிற்கும், முன்பு 20தான். கூடவே 200 வாட் சோலார் பேனல். 11.8 வோல்ட்டுக்குக் கீழே போனால் சோலார் கன்ட்ரோலரே லோடைத் துண்டித்துவிடும். பாசிட்டிவ் முனைக்கு ஒட்டியே 10 ஆம்பியர் ஃபியூஸ், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. பழைய பேட்டரி மீட்டரில் 12.6 காட்டியது. நல்லா இருக்கிறது என்றுதான் நானும் நம்பியிருந்தேன். 55 வாட் கார் ஹெட்லைட் பல்பு ஒன்றை அதில் மாட்டினேன். பத்தே நிமிடத்தில் வெளிச்சம் மஞ்சளாகி 10.8க்கு வந்துவிட்டது. லோடு கொடுக்காமல் பார்க்கும் வோல்ட்டை நம்பவே கூடாது. மாதம் ஒருமுறை மெயினை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் பாருங்கள். எங்கள் ஊர் உப்புக்காற்றில் முனைகளில் பச்சைப் பொடி வேறு பூக்கும்; வெந்நீர் ஊற்றித் துடைத்து வாசலின் தடவுகிறேன்.

*

அண்ணா, எனக்கு வேறு மாதிரிச் சிக்கல். ஊட்டிக்கு மேலே ஒரு தோட்டத்து ஓரம் தகரப் பெட்டியில் 100 ஏஹெச் லித்தியம் பாஸ்பேட் பேட்டரி வைத்திருந்தேன். ஜனவரி உறைபனியில் காலை வெயில் பேனலில் விழுந்தும் சார்ஜ் ஏறவில்லை. செல் 0 டிகிரியில் இருந்தால் பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) சார்ஜை மறுக்கிறது, 5க்கு மேல் போனால்தான் விடுகிறது. பத்து மணிக்கு ஏற ஆரம்பித்தால் இரண்டு மணிக்குக் கற்பூர மர நிழல் வந்துவிடும். நாளுக்கு நாள் இறங்கி நான்காம் நாள் நின்றுவிட்டது. பெட்டிக்குள் தெர்மாகோல் ஒட்டி, ஸ்விட்ச்சையும் கன்வெர்ட்டரையும் அதே பெட்டிக்குள் மாற்றினேன். அந்தச் சூடே போதுமாக இருக்கிறது.

*

நல்ல யோசனை தம்பி, லித்தியத்துக்குச் சரி. டியூபுலர் வைத்திருப்பவர்கள் மட்டும் இப்படி ஒரே பெட்டியில் அடைத்துவிடாதீர்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், ஆசிட் ஆவியும் வரும். ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச்சின் உள் போர்டு அதில் அரித்துப்போய் நான் பார்த்திருக்கிறேன். பேட்டரிக்குத் தனிப் பெட்டி, மேலேயும் கீழேயும் காற்றுத் துளை.